மணலுக்குள் எத்தனை பங்கு எண்ணெய்?

உலகிலேயே அதிக எண்ணெய் இருப்பு எந்த நாட்டிடம் என்று கேட்டால் சவூதி அரேபியா என்றுதான் பலரும் சொல்வார்கள். ஒபெக் அமைப்பின் கணக்கில் முதலிடம் வெனிசுவேலாவுக்கு. சுமார் 30,300 கோடி பீப்பாய். வெனிசுவேலாவைப் பற்றிய செய்தி எதுவாக இருந்தாலும், ஆட்சி மாற்றமோ பொருளாதாரத் தடையோ, இந்த எண் இரண்டாவது பத்தியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரோ எண்ணிப் பார்த்து எழுதிவைத்த தொகை என்ற தோரணையில் அரசியல்வாதிகளும் அதைப் பேசுகிறார்கள்.

2005இல் அதே வெனிசுவேலாவின் இருப்பு சுமார் 8,000 கோடி பீப்பாய்தான். 2010இன் முடிவில் அது 29,650 கோடியாகி, 26,450 கோடியில் நின்ற சவூதியைத் தாண்டியது. புதிய வயல் எதுவும் அந்த உயர்வைக் கொண்டுவரவில்லை. ஓரினோகோ ஆற்றின் வடகரையில் 1930களின் நடுவிலேயே முதல் கிணறு தோண்டப்பட்டு, அங்கே தார் போன்ற கன எண்ணெய் இருப்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அந்த மணற்கல் படிவங்களை மீண்டும் ஒருமுறை அளந்தார்கள், எவ்வளவு மேலே எடுக்க முடியும் என்ற விகிதத்தை மாற்றினார்கள், இருப்பு மூன்று மடங்குக்கும் மேலாகியது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2009இல் அதே பகுதியைத் தன் வழியில் மதிப்பிட்டு, எடுக்கக்கூடியது 38,000 கோடியிலிருந்து 65,200 கோடி வரை இருக்கலாம், சராசரி 51,300 கோடி என்றது. ஒரே நிலம், ஒரே மணல். கணக்குகளுக்கு நடுவே உள்ள இடைவெளியோ பல நாடுகளின் மொத்த இருப்பைவிடப் பெரியது.

இதில் மோசடி இருக்கிறது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கன எண்ணெய் விஷயத்தில் பொதுமக்கள் முன் வைக்கப்படும் எந்தப் பெரிய எண்ணும் ஓர் அளவீட்டில்தான் நிற்கிறது. அந்த அளவீடு எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது பாதி உண்மை. இந்தியா தன் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. பொதுத்துறை நிறுவனங்கள் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் வெனிசுவேலாவிலும் கன எண்ணெயில் பணம் போட்டிருக்கின்றன. ஆகவே இந்தக் கேள்வி நிபுணர்களின் அறைக்குள் மட்டும் இருக்க வேண்டிய கேள்வி அல்ல.

நிலத்தடியில் எண்ணெய் ஏரியாகத் தேங்கி நிற்பதில்லை. கோடையில் காய்ந்த ஆற்றில் ஊற்று தோண்டியவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். கண்ணுக்குத் தெரிவது மணல், தண்ணீர் மணிகளின் சந்துகளுக்குள் இருக்கிறது. மணற்கல் தேக்கத்தில் அந்தச் சந்துகளைத் தண்ணீரும் எண்ணெயும் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு தேக்கத்தின் எண்ணெயைக் கணக்கிட, அதன் பரப்பு வேண்டும், கனம் வேண்டும், பாறையில் எத்தனை சதவீதம் நுண்துளைகள் என்று தெரிய வேண்டும், அந்தத் துளைகளில் எத்தனை பங்கை எண்ணெய் பிடித்திருக்கிறது என்று தெரிய வேண்டும். கடைசியாக, அதில் எத்தனை பங்கு மேலே வரும் என்று தீர்மானிக்க வேண்டும். நான்காவதாகச் சொன்னதைத்தான் துறையில் எண்ணெய்ச் செறிவு என்கிறார்கள். பரப்பையும் கனத்தையும் நில அதிர்வு அலை ஆய்வும் கிணறுகளும் காட்டிவிடும். நுண்துளை அளவைப் பெரிய சண்டையில்லாமல் கணிக்கலாம். செறிவு அப்படி வசப்படுவதில்லை, கன எண்ணெயில் இன்னும் மோசம்.

செறிவை அளக்கும் கலை பிறந்த இடமே ஒரு கன எண்ணெய் வட்டாரம்தான். பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் பெஷல்புரோன் என்ற ஊரில் 1927 செப்டம்பர் 5 அன்று, கோன்ராட், மார்செல் ஷ்லம்பெர்ஷே சகோதரர்களின் குழு ஓர் எண்ணெய்க் கிணற்றுக்குள் மின்கம்பியை இறக்கி, பாறை அடுக்குகளின் மின்தடையை ஆழம் ஆழமாகக் குறித்தது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும், எண்ணெய் கடத்தாது. மின்தடை அதிகமாக இருக்கும் மணலில் எண்ணெய் இருக்கலாம். அந்தக் கோட்டு வரைபடத்துக்குத்தான் இன்றும் ரிக்கில் ‘லாக்’ என்று பெயர்.

‘இருக்கலாம்’ என்பதை ‘இத்தனை பங்கு இருக்கிறது’ என்று மாற்றியவர் ஷெல் நிறுவனத்தின் பொறியாளர் கஸ் ஆர்ச்சி. அமெரிக்க வளைகுடாக் கரையின் மணற்கல் மாதிரிகளைச் சோதித்து, 1941இல் டல்லஸில் படித்து 1942இல் அச்சான ஒரு சிறு கட்டுரையில் அவர் ஒரு சூத்திரத்தைத் தந்தார். பாறையின் மின்தடை, அதன் நுண்துளை அளவு, துளைகளுக்குள் உள்ள தண்ணீரின் மின்தடை, இம்மூன்றும் தெரிந்தால் துளைகளில் எத்தனை பங்கு தண்ணீர் என்று கணக்கிடலாம். மிச்சம் எண்ணெய். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் உலகின் எண்ணெய்க் கணக்குகளில் பெரும்பாலானவை இந்தச் சூத்திரத்தையோ இதன் வாரிசுகளையோ நம்பித்தான் நடக்கின்றன.

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் கண்ணெதிரே தெரியும். ஒரு மணல் அடுக்கு. நுண்துளை 30 சதவீதம். கருவி காட்டும் மின்தடை 60 ஓம்-மீட்டர். துளைகளில் உள்ள தண்ணீர் நல்ல உப்புத் தண்ணீர், அதன் மின்தடை 0.2 என்று வைத்துக்கொண்டால், ஆர்ச்சியின் வழக்கமான எண்களோடு கணக்குச் சொல்வது 19 சதவீதம் தண்ணீர், 81 சதவீதம் எண்ணெய். அருமையான தேக்கம். தண்ணீரின் உப்பு குறைவு, மின்தடை 1 என்றால் எண்ணெய் 57 சதவீதமாகிவிடும். கிட்டத்தட்ட நன்னீர், மின்தடை 2 என்றால் 39 சதவீதம். கருவி ஒன்று, அளவு ஒன்று, பாறை ஒன்று. மாறியது தண்ணீரைப் பற்றிய அனுமானம் மட்டுமே.

81க்கும் 57க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் சின்னதாகத் தெரியலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 20 மீட்டர் கனமுள்ள மணலுக்கு அது ஏறக்குறைய 90 லட்சம் பீப்பாய். ஓரினோகோ பட்டையின் பரப்பு 50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல்.

தண்ணீர் எத்தனை உப்பு என்பதைத் தெரிந்துகொள்வது அத்தனை கடினமா என்று கேட்கத் தோன்றும். ஆழத்தில் உள்ள சாதாரண எண்ணெய் வயல்களில் கடினமில்லை. கன எண்ணெய் பெரும்பாலும் அப்படி ஆழத்தில் இருப்பதில்லை. எண்ணெய் கனமானதற்கே காரணம், அது மேற்பரப்புக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த வெப்பத்தில் கிடந்தபோது, நுண்ணுயிர்கள் அதன் இலகுவான பகுதிகளைத் தின்றுவிட்டதுதான். அந்த ஆழங்களில்தான் மழைநீரும் மணலுக்குள் இறங்கி வந்து பழைய உப்புத் தண்ணீரைக் கழுவிவிடுகிறது. எண்ணெயைக் கனமாக்கிய சூழலே அதை அளக்கும் வழியையும் குழப்பிவிடுகிறது. ஓரினோகோவின் தெற்கு ஓரங்களிலும் கலிபோர்னியாவின் கெர்ன் ரிவர் வயலிலும் நன்னீர்ப் பிரச்சினை உண்டு. சில இடங்களில் ஒரே மணலில் கிழக்கே ஒரு உப்பளவு, மேற்கே வேறொரு உப்பளவு. தண்ணீர் மட்டுமே உள்ள மணலும் உயர்ந்த மின்தடை காட்டி, எண்ணெய் என்று ஏமாற்றும்.

அடுத்த தொல்லை களிமண். களிமண் தானே மின்சாரத்தைக் கடத்தும். நதி முகத்துவாரங்களில் படிந்த மணலில் விரல் கனத்துக்குக் களிமண் ஏடுகள் ஓடும். கருவிக்கு அந்த ஏடுகள் தனித்தனியே தெரியாது, சேர்த்துத்தான் அளக்கும். நூறு ஓம்-மீட்டர் காட்ட வேண்டிய எண்ணெய் மணலும் மூன்று ஓம்-மீட்டர் களிமண்ணும் சரிபாதியாக அடுக்கப்பட்டிருந்தால், கிடைமட்டமாக ஓடும் மின்சாரத்துக்கு அது சுமார் ஆறு ஓம்-மீட்டர்தான். எண்ணெய் நிறைந்த அடுக்கு ‘தண்ணீர்’ என்று ஒதுக்கப்பட்டுவிடும். களிமண்ணின் இந்தக் கடத்தலைச் சரிசெய்ய 1960களில் சிமாண்டூ ஒரு சூத்திரமும், வாக்ஸ்மனும் ஸ்மிட்ஸும் வேறொரு சூத்திரமும் கொடுத்தார்கள். இரண்டும் நல்லவை, இரண்டுக்கும் மேலும் சில அனுமானங்கள் வேண்டும். குஜராத்தின் மெஹ்சானா வட்டாரத்தில் இதற்கு நேர் எதிரான பொறி ஒன்றும் இருக்கிறது. அங்கே மணலோடு நிலக்கரி அடுக்குகளும் கலந்து வருகின்றன. நிலக்கரியின் மின்தடை அதிகம். லாக்கில் மின்தடைக் கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது எண்ணெய் என்றே படும்.

மூன்றாவது தொல்லை எண்ணெயின் குணம். ஆர்ச்சியின் கணக்கு மணல் மணியின் மேல் தண்ணீர்ப் படலம் ஒட்டியிருக்கிறது, எண்ணெய் நடுவில் இருக்கிறது என்ற நிலைக்குப் பொருந்தும். கன எண்ணெயில் அஸ்ஃபால்டீன்கள் என்ற கனமான, ஒட்டும் மூலக்கூறுகள் மிகுதி. அவை மணியின் மேலேயே ஒட்டிக்கொண்டால் தண்ணீரின் தொடர்ச்சி அறுந்து, மின்சாரத்தின் பாதை மாறிவிடுகிறது. சூத்திரத்தில் இரண்டு என்று போடும் அடுக்கெண் மூன்றாகலாம், அதற்கு மேலும் போகலாம். மேலே சொன்ன உதாரணத்தில், உப்புத் தண்ணீரையே வைத்துக்கொண்டு அடுக்கெண்ணை மட்டும் மூன்றாக்கினால், 81 சதவீதம் 67ஆகக் குறைகிறது.

புதிய கருவிகள் இதையெல்லாம் தீர்த்துவிடவில்லையா? ஓரளவு உதவுகின்றன. மருத்துவமனை எம்ஆர்ஐ தத்துவத்தில் இயங்கும் அணுக்காந்த லாக் சாதாரண எண்ணெயையும் தண்ணீரையும் அழகாகப் பிரித்துக் காட்டும். கன எண்ணெயின் சமிக்ஞையோ, கருவி கேட்கத் தொடங்குவதற்குள்ளேயே பெரும்பகுதி அடங்கிப்போகிறது. மிஞ்சுவது களிமண்ணில் ஒட்டிய தண்ணீரின் சமிக்ஞையோடு கலந்துவிடுகிறது. துறைக்காரர்கள் இந்தக் குறையையே வழியாக மாற்றிக்கொண்டார்கள். அடர்த்தி லாக் காட்டும் மொத்தத் துளை அளவிலிருந்து அணுக்காந்த லாக் கண்டதைக் கழித்தால், காணாமல் போன பங்குதான் தார் என்று கொள்கிறார்கள். மின்காப்புத்தன்மையை அளக்கும் டைஎலக்ட்ரிக் லாக் இன்னும் நேரடியானது. தண்ணீரின் மதிப்பு 80 அளவில், எண்ணெயின் மதிப்பு இரண்டு அளவில். உப்பு எத்தனை என்ற கவலை பெருமளவு நீங்கிவிடுகிறது. ஆனால் அது கிணற்றுச் சுவரிலிருந்து சில அங்குலம்தான் உள்ளே பார்க்கும்.

ஆகக் கடைசியில் பாறையையே மேலே கொண்டுவந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

துளைக்கும்போது நடுவில் உள்ள பாறைத் தண்டை அப்படியே குழாய்க்குள் பிடித்து ஏற்றுவார்கள். இதற்கு ‘கோர்’ என்று பெயர். கன எண்ணெய் மணல் பெரும்பாலும் கல்லாக இறுகாதது. தாரே அதை ஒட்டவைத்திருக்கிறது. மேலே வரவர அழுத்தம் குறைந்து, எண்ணெயில் கரைந்த வாயு நுரைத்து, தண்டு குழாய்க்குள்ளேயே உப்பும். அதனால் ரிக்கிலேயே உலர்பனியில் உறையவைத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே கோரை நீளவாக்கில் அறுத்து, கறுப்பாகப் பளபளக்கும் இடத்திலிருந்தும் சாம்பல் நிறக் களிமண் ஓடும் இடத்திலிருந்தும் மாதிரி எடுக்கிறார்கள். எடை பார்த்து, ஒரு உறையில் இட்டு, கொதிக்கும் டொலுவின் ஆவியில் தொங்கவிடுகிறார்கள். ஆவி மேலே போய்க் குளிர்ந்து சொட்டும்போது எண்ணெய் கரைந்து கீழே இறங்குகிறது. மாதிரியிலிருந்த தண்ணீர் ஆவியாகி, பக்கவாட்டில் அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் துளித்துளியாகச் சேர்கிறது. தண்ணீரின் அளவு அந்தக் கோட்டிலேயே தெரிந்துவிடும். வெளுத்து உலர்ந்த மணலை மறுபடி எடை போட்டு, இரண்டையும் முதல் எடையிலிருந்து கழித்தால் எண்ணெயின் எடை. டீனும் ஸ்டார்க்கும் 1920இல் எண்ணெயிலுள்ள தண்ணீரை அளக்க வடிவமைத்த கருவி இது. நூறு ஆண்டுகள் கழித்தும் செறிவு வழக்கில் கடைசித் தீர்ப்பு சொல்வது இந்தக் கண்ணாடிக் குழாய்தான்.

அதிலும் ஒரு நுட்பம் உண்டு. உப்பிப்போன கோரில் நுண்துளை 30 சதவீதத்துக்குப் பதில் 35 சதவீதம் என்று காட்டும். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு நிலத்தடிக் கணக்கில் போட்டால் இல்லாத எண்ணெய் முளைக்கும். கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் இதைத் தவிர்க்க எளிய வழி கண்டார்கள். செறிவைத் துளைகளின் பங்காகச் சொல்லாமல், மொத்த மணலின் எடையில் பிட்டுமன், அதாவது அந்தத் தார் எண்ணெய், எத்தனை சதவீதம் என்று சொல்கிறார்கள். மணல் உப்பினாலும் எடை மாறாதே. சுரங்கம் தோண்டி எடுக்கும் பகுதிகளில் ஏழு சதவீதத்துக்குக் குறைந்தால் அதைத் தாதுவாகவே எண்ணுவதில்லை. 12, 13 சதவீதம் என்றால் வளமான மணல்.

ஆல்பெர்ட்டாவைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று பேசியாக வேண்டும். அதாபாஸ்கா பகுதியின் மக்மரி மணலிலும் சுற்றுவட்டாரத்திலும் சுமார் 1.8 லட்சம் கோடி பீப்பாய் பிட்டுமன் கிடக்கிறது. 2002 டிசம்பரில் ‘ஆயில் அண்ட் காஸ் ஜர்னல்’ இதழ் அந்த எண்ணெய் மணலைச் சேர்த்துக்கொண்டபோது, கனடாவின் இருப்பு ஒரே இதழில் 490 கோடியிலிருந்து 18,000 கோடி பீப்பாயாகத் தாவியது. வெனிசுவேலாவின் தாவலைப் போலவேதான். ஆனாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆல்பெர்ட்டாவில் எண்ணெய் மணல் கிணறுகளின் கோர்களைக் கண்காணிப்பு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். கால்கரி நகரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளில் அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. குறிப்பிட்ட ரகசியக் காலம் முடிந்ததும் போட்டி நிறுவனமோ பல்கலைக்கழக மாணவரோ கட்டணம் செலுத்தி அந்தப் பாறையை மேசையில் விரித்துப் பார்க்கலாம், ஆய்வக முடிவுகளையும் வாங்கலாம். யாராவது ஒருவர் 80 சதவீதம் என்றால், இன்னொருவர் அதே கோரைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியும். எண்ணுக்கு நம்பகத்தன்மை வருவது அங்கேதான்.

அத்தனை வெளிப்படை இருந்தும் அங்கே அடி விழாமல் இல்லை. ஃபோர்ட் மக்மரிக்குத் தென்கிழக்கே உள்ள லாங் லேக் திட்டம் நாளொன்றுக்கு 72,000 பீப்பாய் பிட்டுமன் எடுக்க வடிவமைக்கப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றாக ஏறத்தாழ ஐந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு கிடைமட்டக் கிணறுகள். மேல் கிணற்றில் நீராவி, கீழ்க் கிணற்றில் உருகி வடியும் எண்ணெய். 2008இல் உற்பத்தி தொடங்கியும் பல ஆண்டுகள் அந்த இலக்கை நெருங்கவே முடியவில்லை. இயந்திரக் கோளாறுகள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கிணறுகள் சென்ற பாதையில் செறிவு குறைந்த, தண்ணீர் மிகுந்த அடுக்குகள் இருந்தன. எடைக்கு எடை தண்ணீரைச் சூடாக்க எண்ணெயைச் சூடாக்குவதைப்போல் இரு மடங்கு வெப்பம் தேவை. நீராவி எண்ணெயை உருக்காமல் அந்தத் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். திட்டத்தின் கூட்டாளிகளில் ஒன்றான ஆப்டி கனடா நிறுவனம் 2011இல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது; பின்னர் சீன அரசு நிறுவனமான சீனூக் அதை வாங்கியது.

செறிவுக் கணக்கு தவறினால் நஷ்டம் பங்குதாரருக்கு மட்டும் அல்ல என்பதை இந்த நீராவி நன்றாகவே காட்டுகிறது. நல்ல மணலில் ஒரு பீப்பாய் பிட்டுமனுக்கு இரண்டு மூன்று பீப்பாய் தண்ணீரை ஆவியாக்கினால் போதும். செறிவு குறைந்த மணலில் அது நான்கு, ஐந்து என்று ஏறும். அத்தனை நீராவிக்கும் இயற்கை வாயுவை எரிக்க வேண்டும். ஆரம்பத்தில் ஏட்டில் எழுதிய 80 சதவீதம் உண்மையில் 55 சதவீதமாக இருந்தால், அந்தப் பிழை புகைபோக்கி வழியாகக் காற்றில் கலக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதி தருபவர்கள் புகையின் அளவை மட்டும் கேட்டால் போதாது, அந்தப் புகைக் கணக்கு எந்தச் செறிவை நம்பிப் போடப்பட்டது என்றும் கேட்க வேண்டும்.

நிறுவனங்கள் எப்போதும் மிகைப்படுத்தும் என்ற முடிவுக்கும் அவசரப்பட்டு வரக்கூடாது. கலிபோர்னியாவின் கெர்ன் ரிவர் வயல் 1899இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1942இல் அதில் மிஞ்சியிருப்பது 5.4 கோடி பீப்பாய் என்று மதிப்பிட்டார்கள். அதற்கு முன்பே அது 27.8 கோடி கொடுத்திருந்தது, ஆகவே வயலின் ஆயுள் முடிந்தது என்றே தோன்றியது. 1986 வரை அது மேலும் 73.6 கோடி பீப்பாய் கொடுத்தது, அதன் பிறகும் 97 கோடி மிச்சமிருந்ததாகக் கணக்கிட்டார்கள். 1960களில் வந்த நீராவிதான் இந்த மாற்றத்தைச் செய்தது. எம்ஐடி பொருளியலாளர் மோரிஸ் அடெல்மன் இந்த வயலைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். இருப்பு என்பது இயற்கை கொடுத்த நிலையான தொகை அல்ல, அறிவும் பணமும் சேர்ந்து வளர்ப்பது என்பது அவர் வாதம்.

அடெல்மன் சொன்னது சரிதான். அதே சமயம் அவருடைய உதாரணத்தில் வளர்ந்தது எடுக்கக்கூடிய பங்கு. மணலில் இருந்த எண்ணெய் 1899இல் இருந்ததுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பொதுவெளியின் பிழைகள் தொடங்குகின்றன. எக்ஸான்மொபில் 2017இன் தொடக்கத்தில் தன் கெர்ல் எண்ணெய் மணல் திட்டத்தின் 350 கோடி பீப்பாயை நிரூபிக்கப்பட்ட இருப்பிலிருந்து நீக்கியது. விலை வீழ்ந்ததால் விதிப்படி நீக்க வேண்டியிருந்தது. ஒரு மணல் மணிகூட அசையவில்லை. வெனிசுவேலாவின் 30,300 கோடியும் விலை, தொழில்நுட்பம், அரசியல் எல்லாவற்றையும் சுமந்த எண்தான். 2020இல் அந்த நாட்டின் உற்பத்தி நாளொன்றுக்கு ஐந்து லட்சம் பீப்பாய்க்கும் கீழே இறங்கியபோதும் இருப்புப் பட்டியலில் அதன் முதலிடம் போகவில்லை.

இனி இந்தியாவுக்கு வரலாம். மெஹ்சானாவின் பலோல், சந்தால் வயல்களில் கன எண்ணெயை வெளியே கொண்டுவர நிலத்தடியிலேயே ஒரு பகுதி எண்ணெயைப் பற்றவைத்து மீதியை இளக்கும் முறையை ஓஎன்ஜிசி 1990இல் சோதித்து, 1997 முதல் வணிகரீதியாக நடத்தியது. உலகில் இதை இத்தனை பெரிய அளவில் செய்து காட்டிய இடங்கள் மிகச் சில. இந்தியப் பொறியாளர்களின் பெருமைக்குரிய சாதனை அது. பற்றவைப்பதற்கு முன் அங்கே எத்தனை எண்ணெய் எரிபொருளாகப் போகும், எத்தனை மிஞ்சும் என்று கணக்குப் போட்டாக வேண்டும்; செறிவு தெரியாமல் அந்தத் தீயை மூட்ட முடியாது. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் பாகேவாலாவில் ஆயில் இந்தியா 1991இல் கண்ட எண்ணெய் இன்னும் கெட்டியானது. 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஜோத்பூர் மணற்கல்லில், ஒரு கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில் அது கிடக்கிறது. அதை ஓடவைக்க நீராவி செலுத்துகிறார்கள். பாலைவனத்தில் அந்த நீராவிக்கான ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் விலை இருக்கிறது.

ஓரினோகோவிலும் இந்தியப் பணம் இருக்கிறது. ஓஎன்ஜிசி விதேஷ் 2008இல் சான் கிறிஸ்டோபல் வயலில் 40 சதவீதப் பங்கை எடுத்தது. 2010இல் ஓஎன்ஜிசி விதேஷ், ஆயில் இந்தியா, இந்தியன் ஆயில் மூன்றும் ஸ்பெயினின் ரெப்சோல், மலேசியாவின் பெட்ரோனாஸ் ஆகியவற்றோடு சேர்ந்து கராபோபோ-1 திட்டத்தில் நுழைந்தன. நாளொன்றுக்கு நான்கு லட்சம் பீப்பாய் என்று அன்று அறிவித்தார்கள். அந்த அளவின் பக்கத்தில்கூட அது போகவில்லை. சான் கிறிஸ்டோபலில் வரவேண்டிய ஈவுத்தொகை ஐம்பது கோடி டாலருக்கும் மேல் தேங்கி நின்றது. இதற்குக் காரணம் மணலில் எண்ணெய் இல்லாதது அல்ல. நிர்வாகச் சீரழிவு, பணத் தட்டுப்பாடு, அமெரிக்கத் தடை. ஆனால் அந்த முடிவுகளை எடுத்தபோது ஓரினோகோவின் பெரிய இருப்பைப் பற்றிய பேச்சுதான் முன்னால் நின்றது. எந்த அடுக்கில் எத்தனை செறிவு, எத்தனை கிணறுகளில் கோர் எடுத்தார்கள், கோரும் லாக்கும் எவ்வளவு ஒத்துப்போயின என்ற விவாதம் பொதுவெளிக்கு வந்ததே இல்லை. பெரிய எண் ஒன்று கண்ணை நிறைத்தால் மற்ற ஆபத்துகளும் சிறியதாகத் தெரியத் தொடங்கிவிடுகின்றன.

வணிக ரகசியம் என்று நிறுவனங்கள் சொல்லும். அதில் நியாயம் இருக்கிறது. ஏலத்துக்கு முதல்நாள் எவரும் தன் மதிப்பீட்டை வெளியிட மாட்டார். ஏலம் முடிந்து, ஒப்பந்தம் கையெழுத்தாகி, சில ஆண்டுகள் ஓடிய பிறகும் அதே காரணத்தைச் சொல்ல முடியாது. நிலத்தடித் தரவுகள் பொதுச் சொத்து என்ற கொள்கையை இந்தியாவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஹைட்ரோகார்பன் இயக்குநரகம் 2017இல் நொய்டாவில் தேசியத் தரவுக் களஞ்சியத்தைத் திறந்தது அதற்காகத்தான். அந்தக் கொள்கையைப் பொதுத்துறையின் வெளிநாட்டு முதலீடுகளுக்கும் நீட்டிப்பதில் சட்டச் சிக்கல்கள் இருக்கலாம், கூட்டாளி நாடுகளின் சம்மதம் தேவைப்படலாம். கேட்டுப் பார்க்காமலே முடியாது என்று சொல்லக்கூடாது.

பெட்ரோலியத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கையிலெடுக்க வேண்டும். கன எண்ணெய்த் திட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒற்றை எண்ணுக்குப் பதில் கீழ் எல்லை, நடு மதிப்பு, மேல் எல்லை மூன்றையும் கேட்க வேண்டும். செறிவு லாக்கிலிருந்து மட்டும் வந்ததா, கோரில் சரிபார்த்ததா, தண்ணீரின் உப்பளவு மாதிரி எடுத்து அறிந்ததா, பக்கத்து வயலிலிருந்து கடன் வாங்கியதா என்று கேட்க வேண்டும். துறையில் இருக்கும் எந்த நிலவியலாளரும் இவற்றுக்கு ஒரே பக்கத்தில் பதில் எழுதித் தருவார். பதில் எழுத முடியாவிட்டால் அதுவே குழுவுக்குப் போதுமான தகவல். பத்திரிகைகளும் தங்கள் பங்குக்கு, இருப்பு எண்ணை அச்சிடும்போது அது மணலில் இருப்பதா, எடுக்கக்கூடியதா என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். சான் கிறிஸ்டோபலுக்கும் கராபோபோவுக்கும் அன்று இந்தியக் குழுக்கள் தயாரித்த மதிப்பீடுகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றில் எந்தப் போட்டியாளரிடமும் மறைக்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இருக்காது.